மருமகள் எழுதாமல் விட்ட வரி

ஜூன் 6

டிரைவருக்கு,

பெரிய பாலத்தின் நடுத்தூண் இறங்கிப்போய், பஸ்ஸெல்லாம் ஊரைச் சுற்றிக்கொண்டு போன வருஷம் அது. ஆறு வற்றி, என்றைக்கோ மூழ்கின மணல் படகு ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்ததும் அந்த வருஷம்தான். நம் சபைக்குக் கண்ணாடி போட்ட ஒரு போதகர் வந்து, முதல் பிரசங்கத்திலேயே பக்கத்தைத் தவறவிட்டார். அவர் தேடிக் கண்டுபிடிக்கும்வரை நாம் இரண்டு பாட்டு கூடுதலாகப் பாடினோம். குடைக்காரம்மாவின் சின்னப் பெண் சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். நம் மர டிப்போவின் பெரிய ரம்பத்துக்கு மோட்டார் வந்தது. என் மகன் உன் லாரிக்குப் பின்னால் செத்தான். எழுத்து தெரியாதவனுக்கு வருஷத்துக்கு எண் கிடையாது. இப்படித்தான் அடையாளம்.

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மருமகள்தான் வாசித்தாள். அனுப்பினது யார் என்று பார்த்ததும் அதை மேசைமேல் போட்டுவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவி வைத்திருந்ததையும் எடுத்துக் கழுவினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"வாசிக்கட்டுமா மாமா?"

"கஷ்டமா இருந்தா விட்டுடும்மா."

"உங்களுக்கு வந்த லெட்டர். நான் யாரு வேணாம்னு சொல்ல?"

அவள் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கிறாள். அங்கே மருந்துச் சீட்டு வாசிக்கிற குரலில் முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சாக வாசித்து முடித்தாள். இப்போது நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவள்தான். எனக்கு வேறு கை இல்லை.

நீ எழுதினது எனக்குச் சரியாக விளங்கினதா என்று ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். ஜெயிலிலிருந்து வந்த பிறகு நீ குடியைத் தொடவில்லை. ஞாயிறு தவறாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாய். இப்போதிருக்கிற போதகர் ஒருநாள் கூப்பிட்டார் என்று திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க முன்னால் போனாய். நம் சபையில் எல்லாருக்கும் ஒரே பாத்திரம். நீ வாய் வைத்துக் கொடுத்ததும் உனக்குப் பின்னால் நின்ற வரிசை கலைந்துவிட்டது. குடைக்காரம்மா முதலில் திரும்பினாள், அடுத்து மூப்பர்களில் ஒருவரான நம் ஆமென்காரர், அப்புறம் எல்லாரும். மூப்பர்கள் கூடினார்கள். இழந்தவர்கள் வாயால் ஒரு வார்த்தை வரட்டும், அதுவரை விலகி இரு என்றார்கள். நீ விலகினாய். அவருக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம் என்று உன் மனைவியும் விலகிவிட்டாள். இப்போது அவள் படுக்கையில். வயிற்றில் கட்டி, டாக்டர் கையை விரித்துவிட்டார். போவதற்குள் ஒரே ஒரு தடவை உன்னோடு சேர்ந்து அந்தப் பாத்திரத்தில் குடிக்கவேண்டும் என்கிறாள். அதற்காக என்னிடம் ஒரு வரி கேட்கிறாய். இவ்வளவுதானே?

உன்மேல் எனக்கு இருந்தது சாதாரண வெறி இல்லை. மத்தியானமே குடித்துவிட்டு வண்டியை எடுத்தாய். என் மகன் சக்கரத்துக்குக் கட்டை வைக்கக் குனிந்திருந்தான். நான் போட்ட சத்தம் டிப்போ முழுக்கக் கேட்டது, உனக்குக் கேட்கவில்லை. அதற்கப்புறம் சபையில் ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சொல்லும்போது, பிறரை மன்னிக்கிற அந்த இடம் வந்தால் வாயை மூடிக்கொள்வேன். அது தாண்டினதும் சேர்ந்துகொள்வேன். பள்ளம் வந்தால் நீ லாரியை ஒடித்து ஓட்டுவாயே, அந்த மாதிரி.

டிப்போ மூடி, மருமகளோடு இந்த ஊருக்கு வந்து சில வருஷம் கழிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெபம் முடிந்து உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன்: அந்த இடத்தையும் சொல்லிவிட்டிருக்கிறேன். எந்த வாரத்திலிருந்து சொல்கிறேன் என்றுகூடத் தெரியவில்லை. வேண்டுமென்றே உன் முகத்தை நினைத்துப் பார்த்தேன். துக்கம் வந்தது, வெறி வரவில்லை. அதை ஆண்டவரிடம் சொன்னேன். உன்னிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. அவர் சொல்லிவிடுவார் என்று நினைத்தேனோ என்னவோ.

ஆகையால் மூப்பர்கள் கேட்கிற அந்த ஒரு வரியை இதோ சொல்லிவிடுகிறேன்.



இங்கே வெயில் தாங்கவில்லை. எனக்குக் கால்வீக்கம் குறையவில்லை, நாக்கு மட்டும் குறைவில்லாமல் இருக்கிறது. உன் மனைவிக்குப் பாலில் நனைத்த ரொட்டி இறங்குகிறதா? கீழே கைநாட்டு வைத்திருக்கிறேன். மை அதிகமாகிவிட்டது, அழுக்கு என்று நினைத்துவிடாதே.

டிப்போ பெரியவர்


ஜூன் 17

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் பதில் போடுவீர்கள் என்று நான் நம்பவில்லை. தபால்காரர் கொடுத்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்து பிரித்தேன்.

மூப்பர்கள் வாசித்தார்கள். ஆமென்காரர்தான் சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தார். "வரி எங்கப்பா?" என்று கேட்டார். சொல்கிறேன் என்று நீங்கள் சொன்ன இடத்துக்குக் கீழே ஒரு வரி அளவுக்கு வெறும் இடம் இருக்கிறது. அதற்கப்புறம் வெயில் வந்துவிடுகிறது. "மனசு வரைக்கும் வந்திருக்கு, வாய்க்கு வரல. நாம என்ன செய்ய முடியும்?" என்று மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

நான் வீட்டுக்கு வந்து என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அந்த வெற்றிடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். "பெரியவர் சொல்லியிருப்பாரு. எழுதுனவ கை நின்னுருக்கும். அவளும் என்னதான் செய்வா" என்றாள்.

இந்தக் கடிதத்தை உங்களுக்கு வாசிக்கப் போவதும் உங்கள் மருமகள்தான் என்று எனக்குத் தெரியும். அதனால் அவர்களுக்கே சொல்கிறேன். எழுதாமல் விட்டது சரி. உங்கள் இடத்தில் நான் இருந்தால் கடிதத்தையே கிழித்திருப்பேன். நீங்கள் கிழிக்காமல் முழுக்க எழுதித் தபாலிலும் சேர்த்தீர்கள்.

ஐயா, அவர்களைத் திட்டவேண்டாம். ரொட்டி இறங்குகிறது, கொஞ்சம்.

இப்படிக்கு,
டிரைவர்


ஜூன் 26

டிரைவருக்கு,

எழுத்து மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். இது கீழ்வீட்டுத் தையற்காரர் கை. நல்ல மனுஷர். ஆனால் நீளமாகச் சொன்னால் துணியை வெட்டுகிற மாதிரி வெட்டிவிடுகிறார். "இத எழுதணுமா பெரியவரே?" என்று இப்போதுகூடக் கேட்கிறார். எழுதணும்.

உன் கடிதத்தை மருமகள் ஒன்றுவிடாமல் வாசித்தாள். தனக்கு நீ சொன்னதையும் வாசித்தாள். எனக்கு எழுத்து தெரியாது. அவள் நினைத்திருந்தால் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கலாம். தாண்டவில்லை. வாசித்து முடித்துத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"விட்டுட்டியாம்மா?"

"ஆமா மாமா."

"ஏம்மா?"

"நீங்க என்ன சொன்னீங்க? எங்க வீட்ல யாருக்கும் உன்மேல மனவருத்தம் கிடையாதுன்னு. வீட்ல இருக்கிறதே ரெண்டு பேரு. அதுல ஒருத்தி நான். எனக்கு இருக்கு மாமா. இல்லாதத இருக்குன்னு எழுதினாலும் பொய்யி, இருக்கிறத இல்லன்னு எழுதினாலும் பொய்யி. அதுவும் கோயில்ல வாசிக்கப்போற லெட்டரு."

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா உடனே ஜெபம் பண்ணலாம் வான்னு உக்கார வச்சிடுவீங்க. எனக்கு அடுத்த நாள் காலை ஷிப்ட்."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. உண்மை. உட்கார வைத்திருப்பேன்.

பிறகு யோசித்தேன். டிப்போவில் ஒவ்வொரு வியாபாரியும் தன் மரத்துக்குத் தனித்தனியாகச் சாய அடையாளம் போடுவான். சிவப்புப் பட்டை ஒருத்தனுக்கு, வெள்ளைப் புள்ளி இன்னொருத்தனுக்கு. படிக்காத நான் இத்தனை வருஷத்தில் ஒரு மரத்தையும் மாற்றி ஏற்றினதில்லை. இந்த ஒரு தடவை அடுத்தவள் அடையாளம் போட்ட மரத்தைத் தூக்கி உன் வண்டியில் ஏற்றப் பார்த்திருக்கிறேன். நான் இழந்தது மகனை. அவள் இழந்தது புருஷனை. இரண்டும் ஒரே ஆள். ஆனால் ஒரே இழப்பு இல்லை. அவன் போன பிறகு அவளைப் பெற்றவர்கள் வந்து கூப்பிட்டார்கள். "நான் போயிட்டா இவருக்கு எது இருமல் மருந்து, எது கால்ல தடவுறதுன்னு யார் வாசிச்சு சொல்வாங்க?" என்று அவர்களைத் திருப்பி அனுப்பினவள். அவள் பங்கை நான் எப்படித் தூக்கிக் கொடுப்பது?

அதனால் என் பங்கை மட்டும் சொல்கிறேன். தையற்காரரே, இதை வெட்டவேண்டாம்.

என் மகனைக் கொன்ற உன்னை நான் மன்னித்துவிட்டேன். இது என் வார்த்தை, என் கைநாட்டு. மருமகளின் வார்த்தை அவளிடம் இருக்கிறது. அதை நான் கேட்கவும் மாட்டேன், நீங்களும் யாரும் கேட்கவேண்டாம்.

இன்னொன்று. என் மகனோடு திரிந்த காலத்தில் என்னைப் பெரியப்பா என்றுதானே கூப்பிடுவாய்? இப்போது என்ன ஐயா, மதிப்புக்குரிய, அவர்களுக்கு? நான் என்ன போலீஸ் ஸ்டேஷனா?

டிப்போ பெரியவர்


ஜூலை 8

பெரியப்பாவுக்கு,

எழுதவே கூச்சமாக இருக்கிறது. நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன்.

உங்கள் வரியைப் படித்ததும் நான் வெளியே போய்த் தண்ணீர்க்குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அவளுக்குச் சத்தம் கேட்கக்கூடாது என்று. அவளுக்குக் கேட்டிருக்கிறது.

மூப்பர்கள் மறுபடி கூடினார்கள். ஆமென்காரர், "பாதி வந்திருக்கு, மீதியும் வரட்டும்" என்றார். குடைக்காரம்மா அழுதுவிட்டார். "அந்தப் பொண்ணுக்கு மனசு ஆறலேன்னு அவளே சொல்றா. அப்புறம் நாம இவன் கூட நின்னா நாளைக்கு அவ மூஞ்சியில எப்படி முழிக்கிறது?" என்று கேட்டார். போதகர் இளம் ஆள். எல்லாரையும் பார்த்தார். அடுத்த மாதம் பேசலாம் என்றார்.

அடுத்த மாதம் வரைக்கும் அவள் இருப்பாளா என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அவளுக்கு மட்டும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதாகப் போதகர் சொல்கிறார். அவள் தலையாட்ட மாட்டேன் என்கிறாள். "சேந்து குடிச்சா குடிக்கிறேன். இல்லேன்னா அங்க போய் ஆண்டவர்கிட்டயே நேரா கேட்டுக்கிறேன்" என்கிறாள். அந்தக் கிண்டல் மட்டும் இன்னும் போகவில்லை.

சபையாரைக் குறை சொல்லக்கூடாது. தினமும் யாராவது சாப்பாடு கொண்டுவருகிறார்கள். வாசலில் வைத்துக் கதவைத் தட்டுவார்கள். நான் வந்து திறப்பதற்குள் போய்விடுவார்கள். தூக்குப்பாத்திரம் சூடாக இருக்கும், தெருவில் ஆள் இருக்காது. அவளைப் புரட்டிப் படுக்கவைக்கத் துணைக்கு ஒரு பெண் இல்லை. எனக்கு லாரிக்குப் பாரம் ஏற்றத் தெரியும், இது தெரியவில்லை. முதுகில் புண் வந்துவிட்டது. நான் தொட்டால் வலியைக் காட்டாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொள்கிறாள்.

இதை உங்கள் வீட்டில் யாரையும் சங்கடப்படுத்தச் சொல்லவில்லை. எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன்.

டிரைவர்


ஜூலை 16

தம்பி,

இன்றைக்கும் தையற்காரர் கைதான். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் மூப்பர்களுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு அடைத்துவிடும்.

என் மகன் செத்ததற்கு என்னைவிட அதிகமாகக் கோபப்பட அவர்களை யார் நியமித்தது? நான் சீட்டு எழுதிக் கொடுத்தேனா, எனக்குப் பதிலாக நீங்கள் முறைத்துக்கொண்டிருங்கள் என்று? கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடலாம். அன்பினால் செய்கிறார்கள், அதுதான் தொல்லை. அந்த வருஷம் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே அவர்களால்தான். என் மகனைத் தூக்கினபோது ஆமென்காரர் தன் தோளைக் கடைசிவரை மாற்றவில்லை. எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் என் புண்ணுக்குக் கட்டுப் போட வந்தவர்கள், அதைக் காட்டிக் காட்டியே இன்னொருத்தனை வாசலில் நிறுத்திவைத்தால் நான் சும்மா இருக்கவா?

குடைக்காரம்மாவிடம் நீ போய் இதைச் சொல். சொல்ல மாட்டாய், நீ பயந்தவன். இந்தத் தாளை அப்படியே கொடு. அம்மா, உங்கள் சின்னப் பெண் வீட்டைவிட்டுப் போன வருஷம் சபையில் உங்களோடு யார் பேசினார்கள்? நீங்கள் உட்கார்ந்தால் அந்தப் பெஞ்சில் இரண்டு ஆள் இடம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தில் வந்து உங்களை இடித்துக்கொண்டு உட்கார்ந்தது யார்? என் மகன். நீங்கள் தள்ளி உட்காரப்பா என்றால், "மத்த பெஞ்செல்லாம் ஆடுதும்மா" என்பான். ஒரு பெஞ்சும் ஆடினதில்லை. அவன் பெயரைச் சொல்லி ஒருத்தனுக்குப் பக்கத்தில் நிற்க மாட்டேன் என்கிறீர்களே, அவனுக்கு அடுக்குமா?

இனி மருமகள் விஷயம். உன் கடிதத்தை வாசிக்கும்போது முதுகுப் புண் என்கிற இடத்தை இரண்டு தடவை வாசித்தாள். நான் கேட்காமலே. மறுநாள் ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். பையில் இரண்டு சேலை, பஞ்சு, ஏதோ களிம்பு.

"எங்கம்மா?"

"அக்கா வீட்டுக்கு மாமா. கொஞ்ச நாள்ல வந்துருவேன். சாப்பாட்டுக்குத் தையக்காரர் வீட்ல சொல்லியிருக்கேன்."

"அக்காவுக்கு எதுக்கும்மா பஞ்சு?"

"பஞ்சு எல்லார் வீட்லயும்தான் வேணும்."

ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அக்கா ஊருக்கு இந்தப் பக்கம் நின்று நீலப்பட்டை பஸ் ஏறவேண்டும். அவள் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போனாள். பின்விளக்கு உடைந்த பழைய பஸ்ஸில் ஏறினாள். அது உங்கள் பக்கம் வருகிற பஸ். போர்டு வாசிக்கத் தெரியாதவனுக்குப் பஸ்ஸும் தெரியாது என்று நினைத்துவிட்டாள் போல.

என்ன மனதோடு வருகிறாள் என்று எனக்குத் தெரியாது. திட்ட வந்தால் நின்று வாங்கிக்கொள். பேசாமல் நின்றால் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அவளிடம் மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதே. நீ கேட்டால், பதில் சொல்லவேண்டிய பாரம் அவள் தலையில் ஏறிவிடும். அவள் தலையில் ஏற்கெனவே இருக்கிறது போதும்.

பெரியப்பா


ஆகஸ்ட் 5

பெரியப்பா,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே உங்கள் மருமகள் வந்துவிட்டார்கள். அதனால் நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். நல்லவேளை, வாய் வரவில்லை.

கதவைத் திறந்தால் பையோடு நின்றார்கள். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் இருந்த அறையைப் பார்த்தார்கள். "அவங்க எங்க?" என்றார்கள். நேராக உள்ளே போய்ப் போர்வையை விலக்கி முதுகைப் பார்த்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பிப் பேசின முதல் பேச்சு, "ஒரே பக்கமா எத்தனை நாளா போட்டு வச்சிருக்கீங்க? மனுஷியா, மரக்கட்டையா? போய்த் தண்ணி கொதிக்க வைங்க."

இரண்டு நாள் என்னோடு பேசினதெல்லாம் வெந்நீர், சோப்பு, துவைத்த துணி, ஜன்னலைத் திற, ஜன்னலைச் சாத்து. நான் ஓடி ஓடிச் செய்தேன். இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் இவ்வளவு வேலை சொன்னதில்லை.

மூன்றாம் நாள் என் மனைவி கேட்டாள், "எதுக்கும்மா வந்த?" என்று.

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா? அவரு தவறின வாரம் நீங்க எங்க பின்வாசல்ல வந்து நின்னீங்க. துணிய ஊற வச்சிருந்தேன், பக்கெட்ட எடுத்தீங்க. நான் பிடுங்கினேன். நீங்க விடல. ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சு இழுத்துக்கிட்டு அழுதோம்."

"இருக்கு. பக்கெட்டு காது என் கையோட வந்துருச்சு."

"புது பக்கெட்டு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரித்தால் வயிறு வலிக்கும், அப்படியும் சிரித்தாள். நான் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே வரவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து போதகர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார், அவளுக்கு மட்டும் கொடுப்பதற்கு. ஆமென்காரரும் குடைக்காரம்மாவும் கூட வந்தார்கள். குடைக்காரம்மாவிடம் உங்கள் தாளை அதற்கு முன்பே கொடுத்திருந்தேன்; கொடுத்துவிட்டு ஓடிவந்தேன், நீங்கள் சொன்னபடி பயந்தவன்தான். போதகர் ஜெபம் செய்து அவளிடம் நீட்டினார். அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போதகர் என்னைப் பார்த்தார், ஆமென்காரரைப் பார்த்தார்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் மருமகள்தான் பேசினார்கள். "யாருக்காக நிக்கிறீங்க போதகரே? எனக்காகன்னா நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

"நீ மன்னிச்சிட்டியாம்மா?" என்று போதகர் மெதுவாகக் கேட்டார்.

"அதக் கேக்காதீங்க. சொல்லத் தெரியல. இன்னைக்கு இந்த வீட்டுக்குள்ள இருக்க முடியுது. நாளைக்கும் முடியுதான்னு நாளைக்குத்தான் பாக்கணும். அதுவரைக்கும் அவங்க காத்திருக்க முடியாது. கொடுங்க."

போதகர் கொடுத்தார். அவள் குடித்தாள். அவள் கையாலேயே எனக்குக் கொடுத்தாள். நான் குடித்தேன். அதற்கப்புறம் பாத்திரத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றேன் பெரியப்பா. உங்கள் மருமகள் எழுந்து வந்தார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை நீட்டி வாங்கி, துடைக்காமல் குடித்தார்கள். குடைக்காரம்மா வாசற்படியில் நின்றிருந்தவர் உள்ளே வந்து அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டார். ஆமென்காரர் வரவில்லை. வெளியே போய்ச் செருப்புப் போடாமல் வெயிலில் நின்றார். ஜெபம் முடிவதற்குள் ஆமென் சொல்லிவிடுகிறவர், அன்றைக்கு முடிந்த பிறகும் சொல்லவில்லை. அவரை நான் குறையாக நினைக்கவில்லை. உங்கள் மகனைக் கடைசிவரை தோள் மாற்றாமல் சுமந்தவர் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள்.

புதன்கிழமை மத்தியானம் அவள் போய்விட்டாள். வலி இல்லை. ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் உங்கள் மருமகளும் இருந்தோம். குளிப்பாட்டி, தலைவாரி, எல்லாம் அவர்களே செய்தார்கள். மறுநாள் முதல் ஒருவரும் தூக்குப்பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு ஓடவில்லை. குடைக்காரம்மா உள்ளே வந்து, நான் சாப்பிடும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் பஸ் ஏறும்போது நான் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். போதும் என்று பையை வாங்கிக்கொண்டார்கள். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "மாமாவுக்கு லெட்டர் போடுங்க. வாசிச்சுக் காட்டுறேன்" என்றார்கள்.

அதனால்தான் போடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு இப்போது எழுதத் தெம்பு இல்லை.

டிரைவர்


ஆகஸ்ட் 14

தம்பிக்கு,

மருமகள் கை திரும்பி வந்துவிட்டது. தையற்காரருக்கு விடுதலை.

வந்து பையை வைத்ததும், "அக்கா எப்படி இருக்காம்மா?" என்று கேட்டேன். "அக்கா போயிட்டாங்க மாமா" என்றாள். பிறகு என் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டு ரொம்ப நேரம் அழுதாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. அவளே பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

உன் கடிதத்தை வாசித்தாள். போதகரிடம் தான் சொன்ன இடம் வந்தபோது, "இதெல்லாம் எதுக்கு எழுதினாரு" என்று முணுமுணுத்துவிட்டு அதையும் வாசித்தாள். எழுதும்மா என்கிறேன், முறைக்கிறாள், எழுதுகிறாள்.

ஆமென்காரரை விடு. அவரை யாரும் அவசரப்படுத்தவேண்டாம். வழியில் பார்த்தால் நீயே முதலில் வணக்கம் சொல். அவர் திருப்பிச் சொல்லாவிட்டால் அடுத்த நாளும் சொல். அவர் உனக்கு என்ன கடன்பட்டார்? ஒன்றுமில்லை. நீதான் தலைகுனிந்து நடந்து பழகிவிட்டாய். தலைகுனிந்து நடக்கிறவன் யாருக்கும் வணக்கம் சொல்ல முடியாது.

இனி நான் கேட்கப்போவது எனக்காக. வீட்டில் தனியாக இருக்காதே. ஒரு வாரம் இங்கே வந்து இரு. மருமகளிடம் கேட்டேன். "வரட்டும். அடுக்களைக்குள்ள மட்டும் வந்து உதவி பண்றேன்னு நிக்க வேணாம்" என்றாள். அவ்வளவு சொன்னதே பெரிது.

நீ வந்து என்ன செய்யவேண்டும் என்றால், என்னோடு உட்கார்ந்து பேசவேண்டும். என் மகனைப் பற்றி. செத்ததைப் பற்றி இல்லை. மருமகளுக்கு அவனை வீட்டில்தான் தெரியும். டிப்போவுக்குள் அவள் வந்ததே இல்லை. அடுக்கின மரத்தின் உச்சியில் ஏறி நின்று, மழை வருது மழை வருது என்று பொய்யாகக் கத்தி எல்லாரையும் ஓடவைப்பானே, அதை நான் சொன்னால் கேட்டுக்கொள்வாள். ஆனால் ஆமா, அப்படித்தான் கத்துவான் என்று சொல்ல அவளால் முடியாது. எனக்கு அப்படிச் சொல்கிற ஒரு ஆள் வேண்டும். வயதாக ஆக, எல்லாம் நானே கட்டிச் சொல்கிறேனோ என்று பயமாக இருக்கிறது.

மேஸ்திரி தன் பெண் வீட்டுக்குப் போய் அங்கேயே கண்ணை மூடிவிட்டார். தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குகிற காவல்காரர், டிப்போ மூடின வருஷமே போனார். டீ கொண்டுவருகிற ஒற்றைக்கண் ஆளை வெள்ளம் கொண்டுபோனது. ரம்பக்காரர் ஒருத்தர் மிச்சம் இருந்தார், மரத்தூள் நெஞ்சில் ஏறி இருமிக்கொண்டே. அவரும் போன மாதம் போய்விட்டாராம், மருமகள் அங்கே கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். என் மகன் எப்போதோ போனான். அந்தக் காலத்தில் அந்த டிப்போவில் அவனைப் பார்த்தவர்களில், இந்தக் கிழவனை விட்டால், இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு ஆள்தான். லாரி டிரைவர். நீ.